வெள்ளையாக்கிக் கொடுத்தவள்

மார்ச் 4

நாத்தனாருக்கு,

உன்னோடு பேசமாட்டேன் என்றுதான் உன் அண்ணனை அடக்கம் செய்த அன்று சொன்னேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. நான் சொல்லை மீறவில்லை, அதை முதலில் மனதில் போட்டுக்கொள். உருகிப்போய்விட்டேன் என்றும் நினைத்துவிடாதே.

இடுப்பெலும்பு உடைந்து படுக்கையில் கிடக்கிறேன். குளியலறையில் வழுக்கி விழுந்தேன். இந்தத் தடவை நிஜமாகவே விழுந்தேன். படுத்தே கிடக்கிறவளுக்கு வேறு வேலை என்ன? பழையது ஒவ்வொன்றாக வந்து கட்டிலைச் சுற்றி உட்கார்ந்துகொள்கிறது.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாம் இருவரும் வேலை பார்த்தபோது, சாப்பாட்டு நேரத்தில் சோடாபுட்டிக் கணக்கர் ஒரு கதை படித்தாரே, ஞாபகமிருக்கிறதா? உனக்கு எங்கே இருக்கும்! வசதியானதை மட்டும்தானே நீ ஞாபகம் வைப்பாய். நானே சொல்கிறேன்.

ஒரு வெளுப்புக்காரி. பெரிய வீடு ஒன்றிலிருந்து அவளுக்கு வாரம் ஒரு மூட்டை வருகிறது. அந்த வீட்டு எஜமானி வெளியே தலைகாட்டுவதே இல்லை. மூட்டையில் ஒரே ஒரு விரிப்பில் மட்டும், ஓரத்தில், கோணல்மாணலாகச் சிவப்புக் கறை. வெளுப்புக்காரிக்குப் படிப்பு கிடையாது. கறை என்றால் அவளுக்குக் கறைதான். பச்சைத் தண்ணீரில் உப்புப் போட்டு ஊறவைத்து, நகம் தேயத் தேய்த்து, பால் மாதிரி ஆக்கி அனுப்புகிறாள். அந்த வீட்டு வேலைக்காரன் வந்து, "ஐயாவுக்கு ரொம்பத் திருப்தி" என்கிறான். அவள் பூரித்துப் போகிறாள். கேட்டுக்கொண்டிருந்த நாமும் பூரித்தோமே! அதுதான் எழுதியவனுடைய கெட்டிக்காரத்தனம். நம் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று நம் கையைப் பார்த்து எழுதினவன் மாதிரி, தேய்ப்பதை என்ன ருசியாக எழுதியிருந்தான்! வாரத்துக்கு வாரம் கறை பெரிதாகிறது. அவளுக்குப் பெருமையும் பெரிதாகிறது. நமக்கும்தான்.

ஒரு வாரம் அந்த வீட்டில் சாவு. எஜமானி மாடியிலிருந்து விழுந்துவிட்டாளாம். கடைசி மூட்டை வருகிறது. அன்றைக்கு இவளுக்குக் கையில் புண். ஊறவைக்க முடியாமல் விரிப்பை அப்படியே கொடியில் போடுகிறாள். தெருவில் போன தபால்காரன் நிற்கிறான். பையைக் கீழே போடுகிறான். எழுத்துக் கூட்டிப் படிக்கிறான். 'என்னைக் கொல்லப் போகிறார். யாராவது வாருங்கள்.'

"இது எத்தனை நாளா வருது?" என்கிறான்.

"வாராவாரம் வருதுங்க. நான் எவ்வளவு வெள்ளையாக்கிக் குடுத்திருக்கேன் தெரியுமா?"

முடிந்தது. அதற்கு மேல் ஒரு வரி கிடையாது. கணக்கர் புத்தகத்தை மூடினார். மடிப்பு மேசையில் நிற்பாளே பெருச்சாளி, அவள் மட்டும் "அப்புறம்?" என்றாள். "அப்புறம் ஒண்ணுமில்லம்மா. போய் இஸ்திரி உருளையைப் பாரு" என்றார் கணக்கர். எழுந்து போனார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே போனார். அதற்குப் பிறகு எத்தனையோ கதை கேட்டிருக்கிறேன். ஒன்றும் அதன் காலடியில் நிற்காது.

அந்த வாரம்தான் உன் அண்ணன் என்னை இரும்புக் கரண்டியால் வாயில் அடித்தான். டீ ஆறிவிட்டதாம். முன்பல் இரண்டு நாக்கின் மேல் விழுந்தன. கல் என்று நினைத்துத் துப்பினேன். பிறகு தலையைப் பிடித்துச் சுவரில் மோதினான். பலகைச் சுவர். அந்தப் பக்கம் நீ இருந்தாய். மறுநாள் என் சட்டையை நீதான் ஊறவைத்தாய். "அலசிப் போட்டுட்டேன் அண்ணி, கறையே தெரியல" என்றாய். அவன் அடித்ததை மறந்தாலும் நீ அலசியதை மறக்கமாட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தாய் தகப்பன் இல்லாமல் நான் வளர்த்த பேத்தி கல்யாணமாகி உன் ஊரில்தான் இருக்கிறாள். உன் வீட்டிலிருந்து நாலு தெரு. போன் செய்தால் அவள் புருஷன்தான் எடுக்கிறான். எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டு அவளிடம் கொடுக்கிறான். "நல்லா இருக்கேன் பாட்டி. சாப்பிட்டேன் பாட்டி. வேலை இருக்கு பாட்டி." என்னையே நாள் தவறாமல் வாய்க்கு வாய் எதிர்த்துப் பேசின சண்டைக்காரி அவள். அவளுக்கு எப்போது வந்தது இந்த அடக்கம்?

போய்ப் பார். பார்த்ததை அப்படியே எழுது. அழகுபடுத்தாதே.

அண்ணி


மார்ச் 10

அன்புள்ள அண்ணிக்கு,

உறையின் மேல் உங்கள் எழுத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருடம் கழித்து எழுதியிருக்கிறீர்கள். திட்டித்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் எழுதியிருக்கிறீர்கள். இடுப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். யார் உங்களுக்குச் சமைத்துத் தருகிறார்கள்?

அந்தக் கதை எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. எனக்கு அது பிடிக்கவே இல்லை. உங்களுக்குத்தான் பிடித்தது, ஒரு மாதம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள். அடித்தவன் பெயர்கூட அந்தக் கதையில் வராது. தேய்த்தவள் தலையில் எல்லாவற்றையும் போட்டு முடித்துவிட்டார் எழுதியவர். படிப்பில்லாதது அவள் குற்றமா? நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்கு நான் உங்கள் கதவைத் தட்டினேன். நீங்கள் உள்ளிருந்து, "ஒண்ணுமில்ல, வழுக்கி விழுந்துட்டேன், நீ போய் வேலையப் பாரு" என்றீர்கள். உங்களுக்கு எல்லாம் ஞாபகமிருக்கும். இது மட்டும் ஏன் அண்ணி இல்லை?

பேத்தியைப் போய்ப் பார்த்தேன். மூன்றாவது மாடி, வெளிச்சமான வீடு. மாப்பிள்ளை வீட்டில்தான் இருந்தார். கண்ணாடிக் கடையில் கண்ணாடி வெட்டுகிற வேலை என்று உங்களுக்குத் தெரியுமே. ரொம்ப மரியாதை. எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் கிளம்பும்வரை கூடவே உட்கார்ந்திருந்தார். பேத்தி இளைத்திருக்கிறாள், இல்லையென்று சொல்லமாட்டேன். முடியைக் காதுவரை வெட்டிவிட்டிருக்கிறாள். இப்போது இதுதான் நாகரிகமாம். நன்றாகத்தான் இருக்கிறது. நான் ஏதாவது கேட்டால் அவரைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறாள். புதுசில் அப்படித்தானே.

பால்கனிக் கொடியில் தலையணை உறைகள் கிடந்தன. எல்லாவற்றிலும் பழுப்புக் கறை. "கண்ணாடி வெட்டுற கை பாட்டி, எங்க தொட்டாலும் ரத்தம்" என்று மாப்பிள்ளை கட்டுப்போட்ட விரலைக் காட்டிச் சிரித்தார். இந்தப் பெண் அதைச் சுடுதண்ணீரில் போட்டிருக்கிறாள். எனக்குப் பொறுக்கவில்லை. "ஏண்டி, சலவைக்காரி பேத்தி, ரத்தத்தை யாராவது வேகவைப்பாங்களா? அப்படியே பிடிச்சுக்குமே!" என்று திட்டிவிட்டு, நானே கீழே உட்கார்ந்து உப்பும் சோப்பும் போட்டு ஊறவைத்துக் கசக்கினேன். கை வலி இன்னும் போகவில்லை. ஆனால் புதுசு மாதிரி ஆகிவிட்டது. "உங்க கையில ஏதோ மாயம் இருக்கு பாட்டி" என்றார் மாப்பிள்ளை. பேத்தி நான் கசக்குவதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கவலைப்படாதீர்கள்.

உங்கள் நாத்தனார்


மார்ச் 13

ஏய் ஊமைக்கோட்டான்,

நீ எழுதியதை நீயே ஒரு தடவை படித்துப் பார்த்தாயா? அந்தக் கதைக்குள்ளேயே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கசக்கிவிட்டு வந்திருக்கிறாயே! பிடிக்காத கதையாம்!

எத்தனை வருடம் ஆஸ்பத்திரித் துணியில் கை விட்டாய்? விரலை வெட்டிக்கொண்டவன் ரத்தம் எங்கே படும்? சட்டைக் கையில் படும், துண்டில் படும், கைப்பிடியில் படும். தலையணை உறையில் எப்படிப் படும்? ஒரு உறை என்றால் சரி. எல்லா உறையிலுமா? விரிப்பில் இல்லாமல், துண்டில் இல்லாமல், உறையில் மட்டுமா? தலையணையில் படுவது தலை. ரத்தம் காதிலிருந்து வந்திருக்கும், மூக்கிலிருந்து வந்திருக்கும், வாயிலிருந்து வந்திருக்கும். விபத்து வார்டு மூட்டையை அவிழ்க்கும்போது நீதானே சொல்வாய், இது தலை, இது வயிறு, இது கால் என்று! ஒரு தடவைகூடத் தப்பாது உனக்கு. மாப்பிள்ளை நாற்காலியைத் துடைத்துப் போட்டதும் கண் அவிந்துவிட்டதா?

முடியை ஏன் வெட்டினாள் தெரியுமா? பிடி கிடைக்கக்கூடாது என்று. நானும் வெட்டினேன். மறந்துவிட்டாயா? பேன் என்று சொன்னேன். நம்பினாய்.

சலவைக்கூடத்துக்குள் வளர்ந்தவள் அவள். ரத்தத்தைச் சுடுதண்ணீரில் போடக்கூடாது என்று நடக்கத் தெரிவதற்கு முன்பே அவளுக்குத் தெரியும். வேண்டுமென்றேதான் போட்டிருக்கிறாள். போகக்கூடாது என்று போட்டிருக்கிறாள். யாராவது நம் ஆள் வந்து கண்ணால் பார்க்கட்டும் என்று கொடியில் விரித்திருக்கிறாள். அவள் கண் முன்னாலேயே நீ உட்கார்ந்து அழித்துக் கொடுத்திருக்கிறாய். பார்த்துக்கொண்டு நின்றாளாம்! வேறென்ன செய்வாள்?

நீ தட்டினது எனக்கு ஞாபகமிருக்கிறது. நான் எதையும் மறக்கிறவள் இல்லை. ஒண்ணுமில்லை என்று சொன்னபோது என் பின்கழுத்து உன் அண்ணன் பிடியில் இருந்தது. வாயெல்லாம் ரத்தம், எச்சிலோடு விழுங்கிவிட்டுச் சொன்னேன். பல் போன வாய் பேசுவதுகூடவா உனக்குக் காதில் படவில்லை? உடைத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும் நீ. என் பேச்சைக் கேட்டுத் திரும்பிப் போனாயே, அதுதான் என் கோபம். வேறொன்றும் இல்லை.

பக்கத்து வீட்டுக்காரரை விட்டு உங்கள் ஊர்ப் போலீசுக்குப் பேசச் சொன்னேன். போனார்களாம். பேத்தியே கதவைத் திறந்து ஒன்றுமில்லை என்றாளாம். திரும்பிவிட்டார்களாம். காக்கி போட்ட ஊமைகள்.

இதைப் பஸ் நடத்துனர் கையில் கொடுத்து விடுகிறேன். சாயங்காலத்துக்குள் உன்னிடம் வந்துவிடும். படித்ததும் செருப்பை மாட்டு. தனியாகப் போகாதே, நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போ. ஒண்ணுமில்லை என்று அவள் சொல்வாள். கேட்காதே. உடைத்து உள்ளே போ.


மார்ச் 18

அண்ணிக்கு,

பெண்கள் சிறையிலிருந்து எழுதுகிறேன். இங்கே காகிதம் தருகிறார்கள். உடம்பு சரியாகத்தான் இருக்கிறது, கால் பெருவிரல் தவிர.

உங்கள் கடிதம் வந்ததும் கிளம்பினேன். நாலு பேர் கிடைக்கவில்லை. கீழ்வீட்டுத் தச்சர், "குடும்ப விவகாரம் பாட்டி, நான் வரல. சுத்தியல் வேணும்னா எடுத்துட்டுப் போங்க" என்றார். எடுத்துக்கொண்டு போனேன்.

மாடிப்படியிலேயே சத்தம் கேட்டது. நாற்காலி நகர்கிற மாதிரி. தட்டினேன். சங்கிலியைப் போட்டபடி மாப்பிள்ளை கதவைக் கொஞ்சமாகத் திறந்தார். "அவ தூங்குறா பாட்டி, நாளைக்கு வாங்க." உள்ளேயிருந்து பேத்தி, "ஒண்ணுமில்ல அத்தைப் பாட்டி, நாளைக்கு வாங்க" என்றாள். நின்று பேசுகிறவள் குரல் இல்லை அது. தரையிலிருந்து வந்தது.

இடைவெளியில் காலை வைத்தேன். அவர் கதவை அழுத்திச் சாத்தினார். விரல் நொறுங்கியது, எனக்கே கேட்டது. எதிர்வீட்டில் டி.வி. சத்தம் கூடியது. நான் சங்கிலி மேல் சுத்தியலைப் போட்டேன். போட்டுக்கொண்டே இருந்தேன். ஆணி மரத்தோடு பிய்த்துக்கொண்டு வந்தது.

அடுப்படித் தரையில் கிடந்தாள். ஒரு கண் மூடிப்போயிருந்தது. வாயோரம் கிழிந்து பல் தெரிந்தது. அவள் மணிக்கட்டை அவர் மிதித்துக்கொண்டு நின்றார். எடுக்கவில்லை காலை, நான் உள்ளே வந்த பிறகும். "கதவுக்கு யாரு பணம் குடுக்கிறது பாட்டி?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டே கேட்டார், அண்ணி. என் கையைப் பிடிக்க வந்தார்.

முதல் அடி அவர் முழங்கையில். இரண்டாவது தாடையில். சுத்தியல் கொஞ்சம் உள்ளே போன மாதிரி இருந்தது. விழுந்துவிட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். எழுந்திருக்கிற நிலைமையில் அவர் இல்லை. மூன்றாவதும் அடித்தேன். போலீசிடமும் மறைக்காமல் சொல்லிவிட்டேன். அது யாருக்குப் போட்ட அடி என்று மட்டும் சொல்லவில்லை. அது எங்கள் அண்ணனுக்கு.

இருவரையும் ஒரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நாம் துவைத்த மாதிரி ஆஸ்பத்திரிதான். ஒரே கூடத்தில் அடுத்தடுத்த கட்டில், நடுவில் துணித்திரை. பெண் போலீஸ் என்னையும் நிறுத்திவைத்துக்கொண்டு பேத்தியிடம் கேட்டார். அவள் என் முகத்தைப் பார்த்தே சொன்னாள். "எங்க வீட்டுக்காரர் என்னை எதுவும் செய்யல. நான் வழுக்கி விழுந்துட்டேன். இவங்களுக்குப் புத்தி சரியில்ல. சும்மா இருந்தவரை வந்து அடிச்சாங்க."

அதனால்தான் இங்கே இருக்கிறேன். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. பயமாகத்தான் இருக்கிறது. அவர் தேறினதும் அவளைக் கூட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடுவார். பக்கத்துக் கட்டிலில் நர்ஸிடம் தாளில் எழுதிக் காட்டினார், நானே பார்த்தேன்: 'எங்க ரெண்டு பேரையும் எப்ப அனுப்புவீங்க?'

அப்படிப் போனால் பிறகு அவள் உயிரோடு இருக்கமாட்டாள், அண்ணி. நான் சங்கிலியை உடைத்தும் பிரயோஜனம் இல்லாமல் போய்விடும்.

நாத்தனார்


மார்ச் 25

நாத்தனாருக்கு,

உன் கடிதம் வந்த அன்றே வண்டி பிடித்தேன். டாக்டர் கூடாது என்றார். இடுப்பு என்னுடையது என்றேன். பின்சீட்டில் படுத்தபடி, ஒவ்வொரு பள்ளத்துக்கும் பேத்தி புருஷனைத் திட்டிக்கொண்டு வந்தேன். உன்னையும் இரண்டு மூன்று பள்ளத்துக்கு.

நீ சொன்ன மாதிரியேதான் இருந்தது. துணித்திரை. தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள் அவனுக்கு. பேச முடியாது. ஆனால் இருமுகிறான். நான் "என்னடி ஆச்சு?" என்றேன். அவள் வாயைத் திறந்தாள். திரைக்கு அந்தப் பக்கம் ஒரு இருமல். வாயை மூடிக்கொண்டாள். மறுபடி கேட்டேன். மறுபடி இருமினான். என்ன தெளிவாகப் பேசுகிறான் பார், வாயைக் கட்டிப் போட்ட பிறகும்!

நர்ஸிடம் போய்க் கட்டிலை மாற்றச் சொன்னேன். இடமில்லை, டாக்டர் சொல்லவேண்டும் என்றாள். நான் ஊன்றி நடக்கிற வாக்கரைக் கட்டில் காலில் மாட்டி நானே தள்ள ஆரம்பித்தேன். மருந்துச் சீசாவெல்லாம் ஆடியது. "பாட்டி, என்ன பண்றீங்க!" என்று கத்தினாள். "நான் இந்த மாதிரி இடத்துல முப்பது வருஷம் மூட்டை தள்ளினவடீ, இந்தக் கட்டில் எனக்கு ஜுஜுபி" என்றேன். ஆள் கூடிவிட்டது. கடைசியில் அவர்களே தூக்கிக் கொண்டுபோய்ப் பிரசவ வார்டில் போட்டார்கள். எத்தனை குழந்தைகள் அழுகின்றன தெரியுமா அங்கே? அவன் இருமினால் என்ன, செத்தால்தான் என்ன, ஒன்றும் கேட்காது.

முதல் நாள் முழுக்கத் தூங்கினாள். நான் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் அவளே போர்வையை விலக்கிக் காலைக் காட்டினாள்.

உள்ளங்கால் முழுக்கக் கண்ணாடி, நாத்தனாரே. கடையில் வெட்டி மிச்சமாகிற சில்லுகளைப் பையில் கொண்டுவருவானாம். தரையில் கொட்டி, செருப்பில்லாமல் நிற்கச் சொல்வானாம். அழுதால் இன்னும் கொஞ்ச நேரம். காலில் இருந்தால் யாருக்கும் தெரியாதில்லையா? தலையில் அடித்தபோது வழிந்த ரத்தத்துக்குத்தான் தலையணை உறை மாற்றியிருக்கிறாள். உள்ளே போன சில்லை எடுத்து முடிக்க டாக்டருக்கு மதியம்வரை ஆயிற்று. தட்டில் டங் டங் என்று விழுந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். முகத்தைத் திருப்பவில்லை.

அந்தப் பெண் போலீசை வரச்சொல்லி எல்லாம் சொல்லிவிட்டாள். முதலில் ஏன் மாற்றிச் சொன்னாய் என்று கேட்டதற்கு, "அவர் பக்கத்துல இருந்தார்ல" என்றாள். அவ்வளவுதான். அந்தப் போலீஸ்காரிக்குப் புரிந்தது. அவளுக்கும் வீட்டில் ஒருத்தன் இருப்பான் போலிருக்கிறது. நம் கண்ணாடிக்காரன் கட்டிலுக்குப் பக்கத்தில் இப்போது ஒரு காவலர் உட்கார்ந்திருக்கிறார்.

மூன்றாவது அடியைப் பற்றி அவளிடம் கேட்டார்கள். "கண்ணை மூடிட்டிருந்தேன், எண்ணல" என்றாள். பொய். எண்ணியிருக்கிறாள். என்னிடம் சொன்னாள், அந்த மூன்றாவது விழுந்தபோதுதான் மூச்சே வந்தது என்று.

உன் அண்ணனுக்குப் போட்ட அடி என்று எழுதியிருக்கிறாய். அவன் உயிரோடு இருக்கும்போது போட்டிருக்க வேண்டியது. அதற்கு நான் உன்னை விடமாட்டேன். ஆனால் அந்தக் கதை பற்றி நீ எழுதினதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. படுத்துக்கொண்டே யோசித்தேன். அடித்தவன் அதில் பெயரில்லாமல் தப்பித்துத்தான் போகிறான். அந்த மட்டுக்கு எழுதியவன் குறை வைத்துவிட்டான். முடிவு மட்டும் இப்போதும் அருமைதான், அதை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

வெள்ளிக்கிழமை உனக்கு ஜாமீன் என்று வக்கீல் சொல்கிறார். அதே நாள் இவளையும் அனுப்புகிறார்கள். உன் வீட்டுக்குத்தான் கொண்டுபோகப் போகிறேன், வேறெங்கே போவது? தையல் பிரிக்கும்வரை தரையில் கால் வைக்கக்கூடாதாம். உன் வீடோ மாடியில். தச்சரை உதவிக்குக் கூப்பிடாதே, அந்த ஆள் சுத்தியல் மட்டும்தான் கொடுப்பான். எனக்கு இடுப்பு போச்சு, உனக்கு விரல் போச்சு. இருந்தாலும் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து ஏற்றிவிடலாம். நேரே இந்த ஆஸ்பத்திரிக்கு வந்துவிடு.

தலைப்பக்கம் நான் பிடித்துக்கொள்கிறேன். நீ கால் பக்கம் பிடி. பார்த்துப் பிடி.

அண்ணி